வாசலில் நான்கு சிலைகள்

அமெரிக்காவில் லிட்டில் ராக் என்ற நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. பெயர், சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி. பார்ப்பதற்கு அரண்மனை போல இருக்கும்!

இந்தக் கட்டடம் 1927-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆன செலவு, 15 லட்சம் டாலர். "அமெரிக்காவிலேயே அழகான உயர்நிலைப் பள்ளி" என்று கட்டடக் கலைஞர் சங்கம் புகழ்ந்தது.

சிலையின் பெயர் "வாய்ப்பு"

முன்வாசலுக்கு மேலே நான்கு பெண் சிலைகள் உள்ளன. உயரும் ஆவல், ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம் என்பவை அவற்றின் பெயர்கள்.

ஆனால் அந்த வாசல் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு 1929-ல் டன்பார் என்ற தனிப் பள்ளி கட்டினார்கள். அதற்கான செலவு 4 லட்சம் டாலர்தான்.

ராணுவம் வந்தது

பள்ளிகளில் இனம் பிரிப்பது சட்ட விரோதம் என்று 1954-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. 1957 செப்டம்பரில் கறுப்பின மாணவ-மாணவிகள் 9 பேர் இந்தப் பள்ளிக்கு வந்தார்கள். மாநில கவர்னர் காவல் படையை நிறுத்தி, அவர்களைத் தடுத்தார். வெளியே கூட்டம் கூச்சல் போட்டது.

ஜனாதிபதி ஐசனோவர் ராணுவத்தை அனுப்பினார். செப்டம்பர் 25-ந் தேதி, சிப்பாய்கள் புடைசூழ, 9 பேரும் படியேறி உள்ளே சென்றார்கள்.

இப்போது அது தேசிய வரலாற்றுச் சின்னம். எல்லா இனப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள்.

"வாய்ப்பு" என்று சிலை வைத்தது 1927-ல். அந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்க 30 ஆண்டு ஆயிற்று!