நாட்டின் அணிக்கு ஒரு பயிற்சியாளர்

கால்பந்தாட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர். வெற்றி கிடைத்தால் கோல் போட்டவரை மக்கள் தோளில் தூக்கிக் கொண்டாடுவர். தோல்வி வந்தாலோ, களத்திலே கால் வைக்காத ஒருவரைத் தேடிச் சென்று பழி சுமத்துவர். அவரே அணியின் பயிற்சியாளர். இங்கிலாந்தில் அவரை ‘மானேஜர்’ என்பர். வேறு நாடுகளில் வேறு பெயர்களால் அழைப்பர். பெயர் எதுவாயினும் பொறுப்பு ஒன்றே. எவரெவர் ஆடுவது, எந்த இடத்தில் ஆடுவது, எந்த முறையில் ஆடுவது என்று முடிவு செய்வது அவர் கடமை. ஒரு நாட்டின் பெயரால் ஆடும் அணிக்கு இத்தகைய ஒருவரைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம்? இதனையே இன்று நாம் ஆராயப் போகிறோம்.

‘இருப்பவருள் மிகச் சிறந்தவரை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே!’ என்று மாணவ நண்பர்கள் சொல்லக்கூடும். சிறந்தவர் என்றால் எதில் சிறந்தவர்? ஒரு கழகத்தின் அணியை நடத்துவது ஒரு தொழில். நாட்டின் அணியை நடத்துவது மற்றொரு தொழில். கழகத்தின் பயிற்சியாளர் தம் ஆட்டக்காரரை நாள்தோறும் காண்கிறார். ஓர் இடத்திற்கு ஆள் இல்லையெனில் பணம் கொடுத்து வேறு கழகத்திலிருந்து ஒருவரை வாங்கிக்கொள்கிறார். இன்று தோற்றால் அடுத்த வாரமே ஈடு செய்கிறார். நாட்டு அணியின் பயிற்சியாளருக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆண்டில் சில நாள்களே ஆட்டக்காரர் அவர் கைக்கு வருகின்றனர். நல்ல கோல் காப்பாளர் நாட்டில் இல்லையெனில் விலைக்கு வாங்க இயலாது. உலகக் கோப்பையோ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஆகவே, நாடு முழுவதிலும் சிதறிக் கிடக்கும் ஆற்றலை அறிந்து, சில நாள்களில் ஒன்றாக இணைத்து, ஒரே எண்ணம் உடையதாக ஆக்க வல்லவரே இப்பணிக்கு ஏற்றவர்.

இவ்வுண்மையை உணர்வதற்கு மிகுந்த விலை கொடுத்த நாடு இங்கிலாந்து. இன்றைய கால்பந்தின் விதிகளை 1863ஆம் ஆண்டில் வகுத்தது அந்நாட்டுக் கால்பந்துச் சங்கமேயாகும். ஆயினும் நாட்டு அணிக்கு நிலையான பயிற்சியாளர் ஒருவரை அது நியமித்தது 1946ஆம் ஆண்டில்தான். அவர் பெயர் வால்ட்டர் விண்ட்டர்பாட்டம். ஒரு காலத்தில் மான்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தில் ஆடியவர். உடற்பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். ஆட்டத்தின் நுட்பங்களைத் தெளிவாகச் சொல்ல வல்லவர். சங்கம் அவரை நியமித்தது. ஆனால் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் அவருக்குக் கொடுக்கவில்லை. அது ஒரு தேர்வுக் குழுவிடம் இருந்தது. அக்குழுவினருள் பலர் கழகங்களின் தலைவர்களும் இயக்குநர்களும் ஆவர். சமைப்பவர் ஒருவர், அரிசியும் பருப்பும் எடுத்துத் தருபவர் வேறு பலர். சுவை குறைந்தால் திட்டு மட்டும் சமைத்தவருக்கு!

இதன் விளைவை உலகம் கண்டது. 1950ஆம் ஆண்டில் இங்கிலாந்து முதன்முதலாக உலகக் கோப்பைப் போட்டியில் கலந்துகொண்டது. பிரேசில் நாட்டில் நடந்த அப்போட்டியில் அணியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் ஆர்தர் ட்ரூரி என்பவரிடம் இருந்தது. அவர் கிரிம்ஸ்பி நகரில் மீன் வாணிகம் செய்தவர். சில்லி நாட்டை முதல் ஆட்டத்தில் வென்ற அணியை மாற்ற அவர் உடன்படவில்லை. உலகப் புகழ் பெற்ற ஸ்டான்லி மாத்யூஸைச் சேர்க்க வேண்டும் என்ற கருத்துச் சங்கத்திலேயே இருந்தும் பயன் இல்லை; அவர் வெளியே அமர்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூன் 29ஆம் நாள் பெலோ ஹொரிஸாண்ட்டே நகரில், கால்பந்தில் பெயர் பெறாத அமெரிக்க அணியிடம் இங்கிலாந்து ஒரு கோலுக்குப் பூஜ்யம் என்று தோற்றது.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1953 நவம்பர் 25ஆம் நாள் லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஹங்கேரி அணி இங்கிலாந்தை 6–3 என்று வென்றது. அடுத்த ஆண்டு மே மாதம் புடாபெஸ்ட் நகரில் 7–1 என்று மீண்டும் வென்றது. ஹங்கேரியின் ஆட்டக்காரர் திறமை மிக்கவர் என்பது உண்மை. ஆனால் அது மட்டுமன்று. அந்த அணியின் பொறுப்பு குஸ்தாவ் ஷெபெஷ் என்ற ஒருவர் கையில் இருந்தது. அவருடைய ஆட்டக்காரருள் பலர் ஒரே ராணுவக் கழகத்தில் ஒன்றாகப் பழகியவர்கள். ஒருவர் நகர்ந்தால் மற்றவர் எங்கே நகர வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே விளங்கிற்று. அரசாங்கமே கழகங்களை ஆண்ட அந்த முறையை எல்லா நாடுகளும் கைக்கொள்ள இயலாது, கைக்கொள்ளவும் வேண்டுவதில்லை. அணிக்கு ஒரே சிந்தனை வேண்டும் என்ற பாடமே நாம் கொள்ளத்தக்கது.

இவ்விரு தோல்விகளிலும், அதாவது அமெரிக்காவிடம் தோற்ற போதும் வெம்ப்ளியில் தோற்ற போதும், இங்கிலாந்தின் தற்காப்பில் நின்று ஆடிய ஒருவர் உண்டு. அவரே ஆல்ஃப் ராம்சே. ஹங்கேரிக்கு எதிராகப் பெனால்ட்டி மூலம் ஒரு கோல் போட்டவரும் அவரே. நாட்டின் அணிக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான்.

ராம்சே 1955ஆம் ஆண்டில் இப்ஸ்விச் டவுன் என்ற சிறிய கழகத்தின் பயிற்சியாளர் ஆனார். அக்கழகம் அப்பொழுது மூன்றாம் பிரிவில் இருந்தது. பெரும் பணமும் இல்லை. பெயர் பெற்ற ஆட்டக்காரரும் இல்லை. இருப்பவரை எந்த இடத்தில் நிறுத்தினால் அவர் ஆற்றல் முழுவதும் வெளிப்படும் என்று அவர் ஆராய்ந்தார். 1957இல் மூன்றாம் பிரிவிலும், 1961இல் இரண்டாம் பிரிவிலும் வென்ற அக்கழகம், 1962இல் முதற்பிரிவிலேயே முதலிடம் பெற்றது. கையில் உள்ளதைக் கொண்டு சிறப்பாகச் செய்தல் என்பதே நாட்டு அணிக்கு வேண்டிய திறம் என்று முன்னே கண்டோம். அந்தத் திறம் ராம்சேயிடம் இருந்தது.

1962இல் விண்ட்டர்பாட்டம் விலகினார். சங்கம் முதலில் பர்ன்லி கழகத்தின் தலைவர் ஜிம்மி ஆடம்சனை நாடிற்று, அவர் மறுத்துவிட்டார். பின்னரே ராம்சேயை அழைத்தது. அவர் ஒரு நிபந்தனை விதித்தார். ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முழுவதும் தம்மிடமே இருத்தல் வேண்டும் என்றார். சங்கம் இணங்கியது. இங்கிலாந்துக் கால்பந்தின் வரலாறு அந்த இணக்கத்தில்தான் திரும்பிற்று என்று சொன்னால் மிகையாகாது.

உடனே வெற்றி வந்ததா? இல்லை. 1963 பிப்ரவரியில் பாரிஸ் நகரில் ராம்சேயின் முதல் ஆட்டம். பிரான்ஸ் 5–2 என்று வென்றது. அன்று சங்கம் பொறுமை இழந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அது பொறுத்தது. அடுத்த உலகக் கோப்பையை இங்கிலாந்தே வெல்லும் என்று ராம்சே அவ்வாண்டிலேயே சொன்னார். கேட்டவர் பலர் நம்பவில்லை.

1966ஆம் ஆண்டு வந்தது. போட்டி இங்கிலாந்திலேயே நடந்தது. பிரான்ஸ் அணியோடு நடந்த ஆட்டத்தில் நாபி ஸ்டைல்ஸ் என்ற இங்கிலாந்து ஆட்டக்காரர் எதிரி ஒருவரை முரட்டுத்தனமாக மோதினார். அவரை விலக்கலாகாதா என்று சங்கத்தின் மேலிடத்திலிருந்து ராம்சேயைக் கேட்டனர். ராம்சே உடன்படவில்லை, ஸ்டைல்ஸை விலக்கினால் தாமும் விலக ஆயத்தமாக இருந்தார் என்பர். அதே ஆட்டத்தில் கோல் அடிப்பதில் நாட்டிலேயே பெயர் பெற்ற ஜிம்மி கிரீவ்ஸ் காயமுற்றார். அவர் இடத்திற்கு ஜெஃப் ஹர்ஸ்ட் வந்தார். இறுதி ஆட்டத்திற்குள் கிரீவ்ஸ் குணமடைந்துவிட்டார். ஆடும்போது ஆளை மாற்றிக்கொள்ளும் வழக்கம் அக்காலத்து உலகக் கோப்பையில் இல்லை. ஆகவே இருவருள் ஒருவரே ஆடலாம். புகழ் கிரீவ்ஸின் பக்கம். அணியின் இசைவு ஹர்ஸ்ட்டின் பக்கம். ராம்சே ஹர்ஸ்ட்டையே களம் இறக்கினார். தேர்வுக் குழு ஒன்று கூடியிருந்தால் இம்முடிவு எட்டப்பட்டிருக்குமா என்பது ஐயமே. ஜூலை 30ஆம் நாள் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியைக் கூடுதல் நேரத்தில் 4–2 என்று வென்றது. நான்கு கோல்களுள் மூன்று ஹர்ஸ்ட் போட்டவை.

பெற்ற பாடத்தை அச்சங்கம் என்றும் நினைவில் வைத்திருந்தது என்று சொல்வதற்கில்லை. 1974ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து தகுதி பெறவில்லை, ராம்சே நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்தவர் டான் ரெவி. லீட்ஸ் யுனைட்டெட் கழகத்தைப் பல ஆண்டுகள் நடத்தி, இருமுறை முதற்பிரிவை வென்றவர். அங்கே ஆட்டக்காரரை ஒரு குடும்பம் போல வளர்த்தவர். நாட்டு அணியிலோ அந்தக் குடும்பம் அமையவில்லை. அணியை அடிக்கடி மாற்றினார். 1977இல் இடையிலேயே விலகி அரபு நாடு ஒன்றின் பணிக்குச் சென்றார். கழகத்தில் சிறந்தவர் நாட்டு அணியிலும் சிறப்பார் என்று எண்ணுவது பிழை என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

அதே ஆண்டில் பிரையன் கிளஃப் என்பவரும் அப்பதவியை விரும்பினார். டெர்பி கவுண்ட்டியை 1972இல் முதற்பிரிவில் வெல்லச் செய்தவர் அவர். ஆனால் எவருக்கும் அஞ்சாது பேசுபவர். சங்கத்தார் அமைதியான ரான் கிரீன்வுட்டைத் தேர்ந்தெடுத்தனர். கிளஃப் தம்மையே ஆட்டி வைப்பார் என்ற அச்சமே காரணம் என்று மக்கள் பேசிக்கொண்டனர். கிளஃப்பின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கழகம் 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. கிரீன்வுட்டும் திறமையற்றவர் அல்லர். இங்கிலாந்தை 1982 உலகக் கோப்பைக்குக் கொண்டு சென்று, அங்கே ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் வெளிவந்தார். கிளஃப் வந்திருந்தால் வென்றிருப்பாரா என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் தேர்ந்தெடுப்போர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இங்கே உண்டு. நாம் தேடுவது அணிக்கு ஏற்றவரையா, நமக்கு வசதியானவரையா?

பிற நாடுகள் கண்ட வழிகளையும் சிறிது நோக்குவோம். மேற்கு ஜெர்மனி தன் பயிற்சியாளரை அணியின் உள்ளிருந்தே வளர்த்தது. 1954இல் உலகக் கோப்பையை வென்ற செப் ஹெர்பெர்கரிடம் துணைவராக இருந்த ஹெல்முட் ஷோன் 1964இல் தலைமை ஏற்று, 1974இல் கோப்பையை வென்றார். ஷோனின் துணைவர் யூப் டெர்வால் 1980இல் ஐரோப்பியப் பட்டத்தை வென்றார். ஒன்றுபட்ட ஜெர்மனிக்கு 2014இல் கோப்பையைப் பெற்றுத் தந்த யோவாகிம் லோவும் முன்னர்த் துணைவராக இருந்தவரே. ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றுவது போன்ற முறை இது.

அயல் நாட்டவரை அழைக்கலாமா என்ற வினாவும் உண்டு. 1930 முதல் 2022 வரை நடந்த 22 உலகக் கோப்பைகளையும் தம் நாட்டவரையே பயிற்சியாளராகக் கொண்ட அணிகளே வென்றன. ஆயினும் இதனை ஒரு விதியாகக் கொள்ளுதல் பொருந்தாது. கிரீஸ் நாடு 2001இல் ஆட்டோ ரேஹாகல் என்ற ஜெர்மானியரை அழைத்தது. அவருடைய முதல் ஆட்டத்தில் பின்லாந்திடம் 5–1 என்று தோற்றது. கிரீஸ் அவரை விலக்கவில்லை. தற்காப்பையே பலமாகக் கொண்ட அணி ஒன்றை அவர் கட்டினார். பெரும் போட்டிகளில் அதற்குமுன் ஓர் ஆட்டத்திலேனும் வென்றறியாத அந்நாடு, 2004இல் ஐரோப்பியப் பட்டத்தையே வென்றது.

நம் நாட்டின் பொற்காலத்தை உருவாக்கிய சையத் அப்துல் ரஹீமும் இங்கே நினைக்கத்தக்கவர். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த அவருடைய பயிற்சியில் இந்தியா 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றது. 1956 ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962இல் ஜகார்த்தாவில் காயமுற்ற தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை அவர் முன்னணிக்கு அனுப்பினார். தென்கொரியாவை 2–1 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் ஜர்னைல் சிங்கும் ஒரு கோல் போட்டார். ஆளின் பெயரைப் பார்க்காமல் ஆற்றலைப் பார்க்கும் கண் அது.

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார்; அதனை அடுத்தே ‘தெரிந்து வினையாடல்’ என்று மற்றோர் அதிகாரம் வகுத்தார். ஆளை ஆராய்ந்து தெளிவது ஒரு செயல்; தெளிந்த பின் வினையை அவரிடம் ஒப்படைப்பது வேறொரு செயல். விண்ட்டர்பாட்டம் காலத்தில் இங்கிலாந்து முதற்செயலை மட்டும் செய்தது. ராம்சே காலத்தில் இரண்டையும் செய்தது. இடையில் இருந்த வேறுபாடு இதுவே.

மாணவ நண்பர்களே! உங்கள் கல்லூரி அணிக்கோ மாணவர் மன்றத்திற்கோ தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கும் வரும். புகழ் உடையவரா என்று முதலில் கேளாதீர்கள். இந்த வேலைக்கு வேண்டிய திறம் எது என்று கேளுங்கள். இருப்பதைக் கொண்டு செய்து காட்டியவர் எவர் என்று பாருங்கள். பின்பு அவருக்குரிய அதிகாரத்தையும் காலத்தையும் கொடுங்கள். முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கினாலும் சற்றுப் பொறுத்திருங்கள்.