இசப்கோல்: பயனும் எச்சரிக்கையும்

மலச்சிக்கல் என்றதும் மருத்துவர் சீட்டு இல்லாமலே பலரும் வாங்குவது இசப்கோல். குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளையும் ஒரு செடியின் விதைமேல் இருக்கும் உமி இது. ‘இயற்கைப் பொருள்தானே!’ என்ற அலட்சியத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

என்ன பயன்?

இந்த நார்ச்சத்து குடலில் நீரை உறிஞ்சிக் கூழாகி மலத்தை இளக்குகிறது. மூலம், ஆசனவாய் வெடிப்பு உள்ளவர்கள் முக்க வேண்டிய அவதி குறைகிறது. பித்த அமிலங்களையும் இந்தக் கூழ் பிடித்து வெளியேற்றுகிறது. அவற்றைப் புதிதாகச் சுரக்கக் கல்லீரல் கொலஸ்ட்ராலைச் செலவழிப்பதால் கெட்ட கொழுப்பு குறைகிறது. கொழுப்பைக் குறைத்த உணவோடு, இசப்கோலின் கரையும் நார் தினமும் 7 கிராம் சேர்ந்தால் இதயநோய் அபாயம் குறையலாம் என்று பொட்டலத்தில் அச்சிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998-இல் அனுமதித்தது. சாப்பிட்டபின் சர்க்கரை ஏறும் வேகத்தையும் இது தணிக்கும். அதற்காகச் சர்க்கரைநோய் மாத்திரைகளை நிறுத்திவிடக் கூடாது.

எங்கே ஆபத்து?

உலர்ந்த உமியை வாயில் போட்டுக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால், அது தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் (சுமார் 250 மி.லி.) கலக்கி, கெட்டியாகும் முன்பே குடித்துவிட வேண்டும். குடித்தபின் நெஞ்சுவலி, வாந்தி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். விழுங்குவதில் சிரமமோ குடலடைப்போ உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது. வேறு மாத்திரை சாப்பிடுவோர் இரண்டு மணி நேர இடைவெளி விடுவது நல்லது; சில மருந்துகள் உடலில் சேர்வதை இது குறைக்கும்.

ஏமாறினால்?

சர்க்கரை நோயையோ உடல்பருமனையோ குணமாக்கும் என்று இசப்கோல் உள்பட எந்த மருந்தையும் விளம்பரப்படுத்த, மருந்து விளம்பரங்கள் குறித்த 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடைவிதிக்கிறது. இசப்கோல் போன்ற நாரைச் சேர்த்து ‘அதிக நார்ச்சத்து’ என்று விற்கும் பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 6 கிராம் நாராவது இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பொய் விளம்பரம் என்று தெரிந்தால் ரசீதையும் அட்டையையும் பத்திரப்படுத்தி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். இழப்பீடு வேண்டுவோர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

பெரியவர்களுக்கு உணவிலிருந்தே தினமும் 25 கிராம் நாராவது கிடைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுண்டல், கீரை, கேழ்வரகு, கொய்யா என முதலில் தட்டை நிரப்புங்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, உமியை நம்பி நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.