தொட்டியில் வளரும் கல்லுக்கும் பசியுண்டு

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளின் அடுக்குமாடி வீடுகளில் மீன்தொட்டி வைத்திருப்போர் பலர். நன்னீர் மீன்களை வளர்த்துப் பழகியவர்களுள் சிலருக்குக் கடல்நீர்த் தொட்டியும் அதில் முருகைகளும் வேண்டுமென்ற ஆசை எழுவதுண்டு. இவ்வாசையை நாம் குறைகூறவில்லை. ஆயினும், முருகையை அலங்காரக் கல்லென்று கருதி வைப்போர் அதனைப் பட்டினியால் சாகடிக்கின்றனர். இல்லையேல் அளவுக்கு மீறி ஊட்டிச் சாகடிக்கின்றனர்.

முருகை ஒரு விலங்கு. பொலிப் எனப்படும் சிற்றுயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரிலுள்ள கல்சியத்தைக் கொண்டு தமக்கு அடியில் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகின்றன. அவற்றின் இழையங்களில் வாழும் நுண்பாசிகள் ஒளியில் உணவைத் தயாரித்து, அதில் பெரும்பங்கை முருகைக்கு அளிக்கின்றன. ஆனால் உடல் வளர்வதற்கு வேண்டிய நைதரசனும் பொசுபரசும் விளக்கொளியில் கிடைப்பதில்லை. அதனாலேயே முருகைகளுட் பல இரவில் உணர்கொம்புகளை நீட்டி இரை பிடிக்கின்றன.

புதியவர்களுக்குச் சதைப்பற்றுள்ள பெரிய பொலிப்களைக் கொண்ட மூளை முருகை வகைகளே பொருத்தமானவை. வாரத்துக்கு ஓரிரு தடவை, விளக்கணைந்து உணர்கொம்புகள் வெளிவந்த பின்னர், நீரோட்டப் பம்பியைச் சிறிது நேரம் நிறுத்தி, நறுக்கிய இறாலைப் பொலிப்பின் வாயருகே வைத்தால் போதுமானது. பம்பியை மீண்டும் இயக்க மறந்துவிடலாகாது. உண்ணாது எஞ்சியதை அகற்றாவிடில் அது அழுகி நைத்திரேற்றைப் பெருக்கும். அழுக்குப்பாசி முருகையை மூடும். செம்மஞ்சள் நிறச் சூரிய முருகையோ நுண்பாசியற்றது. இருண்ட இடத்திலும் வாழும். ஆனால் அடிக்கடி ஊட்டாவிடில் மெலிந்து மடியும். ஆதலால் அதன் அழகில் மயங்குவோர் அவசரப்படாதிருப்பது நல்லது.

கொழும்பில் உணவைக் காட்டிலும் பெரிய சிக்கல் வெப்பமாகும். தொட்டி நீர் 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருத்தல் வேண்டும். எமது வீடுகளில் குளிரூட்டி இன்றி இது எளிதன்று, மின்கட்டணமும் ஏறும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு அமுலில் இருந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. பம்பி நின்றால் நீரில் ஒட்சிசன் குறையும். பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்றேனும் கைவசம் இருத்தல் அவசியம். வெப்பம் நீடித்தால் முருகை தன் நுண்பாசிகளை இழந்து வெளிறும். 1998 ஆம் ஆண்டு கடல் சூடேறியபோது ஹிக்கடுவையின் ஆழமற்ற பகுதி முருகைகளிற் பெரும்பாலானவை மடிந்தமைக்கும் இதுவே காரணம்.

நீரை வெள்ளவத்தைக் கடற்கரையிலிருந்து கலனில் அள்ளி வருவது மலிவாகத் தோன்றலாம். அங்கு கால்வாயின் கழிவுநீரும் கடலில் கலக்கின்றது என்பதை அயலவர்கள் அறிவார்கள். சுத்திகரித்த நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் வீதம் செயற்கைக் கடலுப்பைக் கரைப்பதே பாதுகாப்பானது. கறியுப்பு உதவாது.

இனி, முருகை எங்கிருந்து வருகின்றது என்ற கேள்வி. எமது கடலிலுள்ள கல்முருகைகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை உடைத்தெடுப்பதும் விற்பதும் குற்றமாகும். வெளிநாட்டிலிருந்து வருவனவும் சைற்றிஸ் உடன்படிக்கைக்கு உட்பட்டவை. ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதிப்பத்திரம் இன்றி வரமுடியாது. விலையைக் கேட்குமுன் அப்பத்திரத்தைக் கேளுங்கள். விற்பவர் மழுப்பினால், தொட்டியில் மீன்கள் மாத்திரம் இருக்கட்டும்.