விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள் நம் பெரியவர்கள். தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்து லயத்திலேயே வாழ்ந்து, பிள்ளைகளையும் அங்கேயே வளர்த்தவர்களுக்கு இதற்கு முன்னால் இன்னொரு சோதனை இருக்கிறது. எந்த ஊரில் குடியேறுவது?

லயத்து வீடு வேலையோடு வந்த வீடு. வேலை நிற்கிற அன்று வீடும் நிற்கும். 2013-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாட்டில் கட்டாய ஓய்வு வயது 60-க்குக் குறையக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அறுபதாம் பிறந்த நாள் ஒருநாள் வந்தே தீரும். அன்றைக்குச் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு எங்கே போவது என்று யோசிப்பதைவிட, ஐந்தாண்டுகளுக்கு முன்பே யோசிப்பது நல்லதல்லவா?

சிலாங்கூரின் தெற்கிலும் நெகிரி செம்பிலானின் மேற்கிலும் உள்ள குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி இன்னொரு உருவத்திலும் வருகிறது. அவர்களுடைய பிள்ளைகளில் பலர் இன்று செம்பனைக் குலை வெட்டப் போவதில்லை. விமான நிலையத்துக்குப் போகிறார்கள். சரக்குக் கிடங்கு, துப்புரவு, பாதுகாப்பு, உணவு தயாரிப்பு, கடை, டாக்சி என்று அங்கே வேலை பலவிதம். ஆகவே அப்பாவின் ஓய்வும் மகனின் வேலையும் சேர்ந்து ஒரே ஊரைத் தேடுகின்றன.

செம்பனைக் காட்டில் இறங்கிய விமானம்

1965-இல் திறக்கப்பட்ட சுபாங் விமான நிலையம் முப்பதாண்டுகளில் போதாமல் போனது. அதன் பிறகே சிப்பாங்கில் புதிய அனைத்துலக விமான நிலையத்தைக் கட்டினார்கள். அது 1998-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் திறப்பு விழா கண்டது. அதற்கு ஒதுக்கிய நிலம் 10,000 ஹெக்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 25,000 ஏக்கர். ரப்பரும் செம்பனையும் நின்ற மண் அது. 2014-இல் இரண்டாவது முனையமும் வந்தது.

அதே காலத்தில் பக்கத்திலேயே புத்ராஜெயாவும் எழுந்தது. பிராங் புசார் போன்ற தோட்டங்கள் இருந்த இடம் அது. அங்கிருந்த நம் குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. தரைவீடு வேண்டும் என்று அவர்கள் பல்லாண்டுகள் கேட்டு வந்த கதை நம்மில் பலருக்குத் தெரிந்ததே. ஊரை நாமே தேர்ந்தெடுப்பதற்கும், பிறர் காட்டிய இடத்தில் போய் இறங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கதை சொல்லும்.

ஆறு ஊர்கள், ஆறு குணங்கள்

விமான நிலையத்தைச் சுற்றியுள்ள சின்ன ஊர்களை ஒருமுறை வலம் வருவோமா?

சாலாக் திங்கி: இருப்பதிலேயே பக்கம் இதுதான். சிப்பாங் மாவட்ட நிர்வாகம் இங்கேதான் நடக்கிறது. 2002 முதல் ஓடுகிற விமான நிலைய விரைவு ரயிலில் எல்லா ஊரிலும் நின்று போகும் வண்டி இங்கே நிற்கும். பத்து நிமிடத்துக்குள் முனையத்தில் இறங்கிவிடலாம். புதிதாக வகுத்துக் கட்டிய ஊர் என்பதால் சாலை அகலம், வீடுகள் வரிசை. பழைய கடைத்தெருவின் கலகலப்பைத் தேடுகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கும்.

நீலாய்: நெகிரி செம்பிலான் பக்கம். துணி, திரைச்சீலை, கம்பளம் மொத்தமாக விற்கும் நீலாய் 3 கடைகளை நம் பெண்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கொமுட்டர் ரயிலில் ஒரு பக்கம் சிரம்பான், மறுபக்கம் காஜாங், கோலாலம்பூர். கல்லூரிகளும் தொழிற்சாலைகளும் இருப்பதால் வீட்டில் இருவர் வேலை தேடினாலும் கிடைக்க வழியுண்டு. ஆனால் மாணவர் கூட்டத்தால் சில இடங்களில் வாடகை ஏறியிருக்கும்.

லாபு: நீலாய்க்கு அடுத்த கொமுட்டர் நிறுத்தம். மரமும் கம்பமுமாய் அமைதியான இடம். சந்தைக்கும் மருந்துக்கும் வெளியே போக வேண்டியிருக்கும். இங்கே ஒரு பாடமும் உண்டு. மலிவு விமானங்களுக்கான தனி முனையம் லாபுவில் வரப்போகிறது என்று 2009-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெரிய பேச்சு எழுந்தது. அதே வேகத்தில் திட்டம் கைவிடப்பட்டது. "இங்கே அது வரப்போகிறது, இது வரப்போகிறது" என்று சொல்லி நிலம் விற்பவரிடம், வந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

டெங்கில்: லங்காட் ஆற்றங்கரை ஊர். புத்ராஜெயாவும் பக்கம், விமான நிலையமும் பக்கம். பழைய கடை வரிசையும், பாசார் மாலாமும், ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமும் இன்னும் இருக்கின்றன. குறை என்னவென்றால், ஆறு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் டெங்கில் பட்ட பாட்டை நாடே பார்த்தது. ஊர் முழுவதும் மூழ்குவதில்லை. எந்தத் தாமான் மேடு, எந்தத் தாமான் பள்ளம் என்று தெரிந்துகொண்டுதான் முன்பணம் கட்ட வேண்டும்.

சிப்பாங் பட்டணமும் சுங்கை பீலேக்கும்: விமான நிலையத்துக்குத் தெற்கே, கடல் காற்று படும் இடங்கள். சுங்கை பீலேக்கில் காய்கறி, பழத்தோட்டங்கள். சற்றுத் தூரத்தில் பாகான் லாலாங் கடற்கரை. ரயில் கிடையாது. சொந்த வண்டி இல்லாதவர்களுக்குச் சிரமம். ஆனால் காலையில் கோப்பிக் கடையில் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு மெதுவாக நாளைத் தொடங்க விரும்பும் ஓய்வுபெற்றவர்களுக்கு ஏற்ற இடம்.

பந்திங்: விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கோல லங்காட் மாவட்டத்தின் பெரிய பட்டணம். சுற்றிலும் தோட்டங்கள், அந்தப் பக்கம் கேரித் தீவு, இந்தப் பக்கம் மோரிப் கடற்கரை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் நாட்டுக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்த பூப்பந்துச் சகோதரர்கள் ரசீப் சீடேக்கும் ஜலானி சீடேக்கும் இந்த மண்ணின் பிள்ளைகள். அரசாங்க மருத்துவமனை உண்டு. கோயில், சாப்பாட்டுக் கடை, பூக்கடை என்று நம்மவர் வாழ்க்கை முழுமையாக இருக்கும் ஊர். தூரம் ஒன்றே குறை.

காதுக்கும் கேட்க வேண்டும்

விமான நிலையத்தருகே குடியேறுவோர் மறந்துவிடும் ஒன்று சத்தம். விமானம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சத்தம் போடுவதில்லை. ஓடுபாதை எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ அந்தத் திசையில்தான் ஏறும், இறங்கும். சிப்பாங்கில் ஓடுபாதைகள் வடமேற்கு - தென்கிழக்காக அமைந்தவை. அந்தக் கோட்டின் நேரே வீடு இருந்தால் சத்தம் தலைக்கு மேலே. பக்கவாட்டில் இருந்தால், தூரம் குறைவாக இருந்தாலும் அவ்வளவு தெரியாது. வரைபடத்தில் ஓர் அளவுகோலை வைத்து நீட்டிப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

மீதிப் பாதிக்கு நேரில் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மேம்பாட்டாளரின் வேனில் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வருவது பார்த்ததாகாது. மூன்று முறை போங்கள். விடியற்காலை 5 மணிக்கு ஒருமுறை. இரவு 11 மணிக்கு ஒருமுறை. நல்ல மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஒருமுறை. முதல் முறை போக்குவரத்து தெரியும், இரண்டாம் முறை சத்தமும் அக்கம்பக்கமும் தெரியும், மூன்றாம் முறை சாக்கடை தெரியும்.

விற்பவரிடம் கேட்பதை விட்டுவிட்டு, அங்கே குடியிருக்கும் ஓர் அக்காவிடம் கேளுங்கள். "இங்கே கடைசியாக எப்போது தண்ணீர் ஏறியது?" என்ற ஒரு கேள்வி போதும். பதில் சொல்லும்போது அவர் கையைச் சுவரில் எந்த உயரத்துக்குக் காட்டுகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவு வேலையும் மோட்டார் சைக்கிளும்

விமான நிலையம் தூங்குவதில்லை. தீபாவளி அன்றும் விமானம் ஏறும், இறங்கும். ரயிலோ நள்ளிரவுக்குப் பிறகு ஓய்ந்து, விடியலில்தான் மீண்டும் ஓடும். அதிகாலை 4 மணி ஷிப்டுக்கு ரயிலை நம்ப முடியாது. ஆகவே நம் பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள்தான் கதி. பிளஸ், எலைட் நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பந்திங்கிலிருந்து போக 30, வர 30. நாளைக்கு 60 கிலோமீட்டர். மாதம் 26 நாள் வேலை என்றால் 1,560 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 39 லிட்டர். லிட்டர் 2 வெள்ளி என்று வைத்தால் 78 வெள்ளி. இதோடு டயர், எண்ணெய், சங்கிலி. பணமாகப் பார்த்தால், நீலாயில் வாடகை நூறு இருநூறு கூடுதலாகக் கொடுப்பதைவிடப் பந்திங் மலிவுதான்.

ஆனால் பணம் மட்டுமா கணக்கு? நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு, விடியற்காலை மழையில் 30 கிலோமீட்டர் ஓட்டி வருகிற மகனுக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாயின் மனத்தை எந்த வெள்ளியில் அளப்பது? நள்ளிரவு ஷிப்டில் இருப்பவர் வீட்டில் உண்டென்றால் 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊரையே முதலில் பாருங்கள்.

காகிதத்தில் ஏமாறாதீர்கள்

ஊர் பிடித்துவிட்டது, வீடும் பிடித்துவிட்டது. இனிமேல்தான் நிதானம் வேண்டும்.

புதிய வீடு என்றால், மேம்பாட்டாளருக்கு வீடமைப்பு, ஊராட்சி அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாங்கல் விற்றல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் "புக்கிங்" என்ற பேரில் பணம் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. தரைவீட்டை 24 மாதங்களிலும் அடுக்குமாடி வீட்டை 36 மாதங்களிலும் ஒப்படைக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் பொதுவான நிபந்தனை. தாமதமானால் இழப்பீடு கேட்கலாம்.

பழைய வீடு, மனை என்றால் நிலப்பட்டாவைப் பாருங்கள். நிரந்தர உரிமையா, குத்தகையா? குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம்? மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்றால் நம்மவர் பேரில் மாற்ற முடியாது. "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் அண்ணே" என்று தோளில் கைபோடுகிறவரின் கையை மெதுவாக எடுத்துவிடுங்கள். வழக்கறிஞர் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய் வீட்டையே இழந்தவர்கள் உண்டு.

ஊழியர் சேமநிதியிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்கலாம். 2024 மே முதல் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு எடுப்பது "செஜாத்ரா" என்ற இரண்டாம் கணக்கிலிருந்து. முழுவதையும் வழித்து எடுத்துவிட்டால், சுவர் மிஞ்சும், கஞ்சி மிஞ்சாது. கடனில் பாதியை மகன் ஏற்றுக்கொள்வதானால் பட்டாவில் யார் யார் பேர் என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். பிறகு வரும் மருமகளுக்கும் அதுவே நிம்மதி.

அம்மாவிடம் கேட்டீர்களா?

பல வீடுகளில் ஊரைத் தேர்ந்தெடுப்பது அப்பாவும் மகனும். ஆனால் பகல் முழுவதும் அந்த ஊரில் இருக்கப்போவது அம்மா. லயத்தில் அடுத்த வீட்டுக்கு ஒரு குரல் கொடுத்தால் கறிவேப்பிலை வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாலு பேர் வருவார்கள். பத்தாவது மாடியில் கம்பிக் கதவுக்குப் பின்னால் அவர் யாரைக் கூப்பிடுவார்?

ஆகவே வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். நடந்து போகும் தூரத்தில் கடை உண்டா, கிளினிக் உண்டா, கோயில் உண்டா, தமிழ்ப்பள்ளிக்குப் பேருந்து வருமா, பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும். தோட்டத்துப் பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைக்குப் புதிய பள்ளியில் இடம் கிடைக்குமா என்பதை வீடு பார்க்கும் முன்பே தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுவது நலம்.

எல்லாருக்கும் ஒரே ஊர் பொருந்தாது. இரவு வேலைக்குப் போகும் பிள்ளையும் படிக்கும் பிள்ளையும் உள்ள குடும்பத்துக்குச் சாலாக் திங்கியோ நீலாயோ ஏற்றது. பிள்ளைகள் தனித்தனியே போய்விட்ட தம்பதிக்குப் பந்திங்கோ சுங்கை பீலேக்கோ போதும். மேடான தாமானாகப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு டெங்கில் நல்ல ஊர். முடிந்தால் முதலில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். வேலை மாறலாம், விமான நிறுவனமே மாறலாம். வாங்கிய வீட்டை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

தோட்டத்தில் துரை கொடுத்த வீட்டில் இருந்தோம். இந்த முறை தேர்வு நம் கையில் இருக்கிறது. அவசரப்படாமல், வீட்டார் எல்லாரும் கூடி உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.