கரும்புகை வலுவின் அடையாளமா?



டிராக்டரின் புகைக்குழாயிலிருந்து கரும்புகை குபுகுபுவென்று எழுந்தால், "வண்டி நன்றாக இழுக்கிறது" என்று மகிழ்வோர் நம்மிடையே இன்றும் உள்ளனர். உண்மையில் அந்தப் புகை, தாங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசலில் முழுவதும் எரியாமல் கரியாக வெளியேறும் பகுதியேயாகும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. உருளைக்குள் இழுக்கப்படும் காற்று ஏறத்தாழ 16 முதல் 18 மடங்கு வரை அழுத்தப்பட்டு, 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அதில் நாசில் வழியாகப் பனிபோலத் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரியச் சுமார் 10,000 லிட்டர் காற்று தேவை. 200 லிட்டர் பீப்பாய்கள் ஐம்பதில் அடங்கும் காற்று இது! காற்று குறைந்தாலும், டீசல் மிகுந்தாலும், தெளிப்பு துளித்துளியாக விழுந்தாலும் விளைவு கரும்புகைதான்.

வெளிநாட்டு டிராக்டர் இழுவைப் பந்தயங்களைக் கைப்பேசியில் கண்ட இளைஞர்கள், டீசல் பம்பின் முத்திரையை உடைத்துத் திருகை முடுக்கச் சொல்வதுண்டு. அமெரிக்காவில் 1969-இல் இப்பந்தயத்திற்கென்று தேசியச் சங்கமே தோன்றியது. அங்கு 300 அடித் தடத்தில், நகர நகரப் பாரம் கூடும் சறுக்கு வண்டியை டிராக்டர் இழுக்கிறது. ஓட்டம் அரை நிமிடத்திற்குள் முடிந்துவிடும். அதற்காகவே டீசலை அள்ளி ஊற்றுகிறார்கள். நமது வண்டியோ நாள் முழுதும் சேற்றில் உழைக்க வேண்டியது. மிகுதியாகத் தெளிக்கப்படும் டீசல் உருளைச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். ரிங்கும் லைனரும் விரைவில் தேயும். திருகை முடுக்கும் மெக்கானிக்கிற்கு ஐந்து நிமிட வேலை. செலவு முழுவதும் தங்களுடையது.

பயிரியல் ஆசிரியருக்கு எஞ்சினில் என்ன அக்கறை என்று கேட்கலாம். குறுகிய கால நெல் இரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் நட்டாக வேண்டும். சேற்றுழவின்போது டிராக்டர் பட்டறையில் ஒரு வாரம் நின்றால், நாற்றங்காலில் வயது முதிர்ந்த நாற்று தூர்விடுவது குறைந்து, மகசூலும் குறையும்.

கரும்புகை கண்டால் முதலில் பார்க்க வேண்டியது பம்பை அன்று, காற்று வடிகட்டியை. எண்ணெய்த் தொட்டி வகையாயின், புழுதி உழவிலும் கதிரடிப்பிலும் நாள்தோறும் திறந்து பார்க்கவும். அடியில் சேறுபோல் படிந்திருந்தால் கழுவிவிட்டு, குறியிட்ட மட்டம் வரை மட்டும் புது ஆயில் ஊற்றவும். மட்டத்திற்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அதை உறிஞ்சிக்கொள்ளும். காகித வடிகட்டியை டீசலில் நனைக்கக் கூடாது. மென்மையாகத் தட்டி, உள்ளிருந்து வெளிப்புறமாகக் குறைந்த அழுத்தக் காற்றால் ஊதினால் போதும்.

அடுத்து, வேலைக்கேற்ற கியரில் ஓட்டுகிறோமா என்று பார்க்கவும். எஞ்சின் திணறும்போது ஆக்சிலேட்டரை மேலும் அழுத்துவதால் புகைதான் கூடும். கியரைக் குறைப்பதே முறை. உழும்போது பின்சக்கரம் வீணாகச் சுழல்கிறதா என்பதையும் அளந்துவிடலாம். சக்கரத்தில் சுண்ணாம்புக் கோடிட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் பத்துச் சுற்றுக்குச் செல்லும் தூரத்தைக் குறிக்கவும். பின் உழுதுகொண்டே பத்துச் சுற்று அளக்கவும். முன்னது 40 மீட்டர், பின்னது 32 மீட்டர் என்றால் சறுக்கல் 20 சதம். உலர் நிலத்தில் 15 சதத்திற்கு மேல் போனால் உழவின் ஆழத்தைக் குறைக்கவும். அல்லது பின்சக்கரங்களுக்கு எடை சேர்க்கவும்.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் புகை நிற்காவிடில், நாசிலைக் கழற்றிச் சோதனைக் கருவியில் பார்க்கச் சொல்லவும். தெளிப்பின் முன் கையை நீட்ட வேண்டாம். டீசல் தோலைத் துளைத்து உட்புகும்.

புகை நீலமாக வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். காலைக் குளிரில் சற்று நேரம் வெண்புகை வருவது இயல்பே. சூடேறிய பின்னும் நீடித்தால் பட்டறைக்குக் கொண்டு செல்லவும்.

2023 சனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. பொது எரிபொருள் குழாய் அமைப்புள்ள இத்தகைய எஞ்சின்களில் டீசல் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்கையும் தாண்டும். பழைய வழக்கப்படி, எஞ்சின் ஓடும்போது நாசில் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பதை இவற்றில் ஒருபோதும் செய்யலாகாது.