எம்சிபி விழாமலேயே வயர் எரிவது ஏன்? வீட்டு மின் தீ விபத்தும் தடுக்கும் வழிகளும்

வீட்டில் தீப்பிடித்தால் முதலில் கேட்கும் வார்த்தை ‘மின்கசிவு’. ஆனா பல நேரங்களில் காரணம் கசிவு இல்லை, ஓவர்லோடு அல்லது லூஸ் கனெக்‌ஷன்தான்.

எம்சிபி இருக்கே, விழாதா?

எப்போதும் விழாது. 6 ஆம்ப் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் 1,500 வாட் கெட்டிலும் 1,000 வாட் அயர்ன் பாக்ஸும் ஓடுதுன்னு வச்சுக்குவோம். 230 வோல்ட்டில் சுமார் 11 ஆம்ப் பாயும். அந்த லைனில் 16 ஆம்ப் எம்சிபி இருந்தால் அது விழாது. எக்ஸ்டென்ஷன் வயர்தான் சூடேறும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும்.

லூஸ் கனெக்‌ஷன் இன்னும் ஆபத்து. மின்னோட்டம் வழக்கமான அளவில்தான் இருக்கும். அதனால எம்சிபிக்கு எதுவும் தெரியாது. ஆனால் தளர்ந்த இணைப்பு மட்டும் சூடாகி, பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். எலி கடித்த வயரும் இப்படித்தான்.

அறிகுறிகள் என்ன?

• ஸ்விட்ச், பிளக் பழுப்பாக மாறுவது
• தொட்டால் சுடுவது
• கருகிய வாடை, ‘சர்ர்’ சத்தம்

இதில் ஒன்று இருந்தாலும் அதைப் பயன்படுத்தாமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

என்ன செய்யணும்?

ஏசி, கீசருக்கு தனி லைன், 16 ஆம்ப் பிளக் பாயின்ட் வேண்டும். எம்சிபி அடிக்கடி விழுதுன்னு பெரிய எம்சிபி மாற்றாதீங்க, வயர் தாங்காது. 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி பொருத்தினால் உண்மையான கசிவின்போது மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆனால் ஓவர்லோடைத் தடுக்காது. அதனால் இரண்டுமே தேவை.

நஷ்டம் யார் தலையில்?

காப்பீடு இல்லைன்னா பெரும்பாலும் நம்ம தலையில்தான். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ‘பாரத் கிரஹ ரக்ஷா’ என்ற பாலிசியை வழங்குகின்றன. தீ விபத்தும் இதில் அடங்கும். பாலிசி எடுக்கும்முன் நிபந்தனைகளைப் படிங்க.

தீப்பிடித்தால்?

கைக்கு எட்டினால் மெயினை அணைங்க. தண்ணீர் ஊற்றாதீங்க. எல்லாரும் வெளியேறி 101 அல்லது 112-ஐ அழையுங்கள். பொருளை எடுக்க மீண்டும் உள்ளே போகவே கூடாது.

இன்று இரவே ஒரு வேலை: படுக்கும்முன் வீட்டில் உள்ள எக்ஸ்டென்ஷன் வயரைத் தொட்டுப் பாருங்க. சுட்டால், பிளக் பாயின்ட் ஸ்விட்சை அணைத்துக் கழற்றிவிடுங்கள்.