நினைவில் வைப்பதும் வேலைதான்

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு நேரத்தைப் பற்றி யோசனை சொல்லப் பஞ்சமே இல்லை. விடியற்காலையில் எழுந்துகொள்ளுங்கள், இரவே காய் நறுக்கி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமையே வாரத்துக்கான மாவை அரைத்துவிடுங்கள், செய்ய வேண்டியதை எழுதிவைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். எதுவும் தப்பான யோசனை இல்லை. ஆனாலும் இவற்றையெல்லாம் கடைப்பிடிக்கிற வீடுகளிலும் பள்ளி வேன் வருகிற நேரத்தில் அதே கூச்சல்தான், அதே ஓட்டம்தான். இந்த யோசனைகள் பெரும்பாலும் ஒரே ஆளைப் பார்த்துச் சொல்லப்படுகின்றன என்பதை நாம் கவனிப்பதில்லை. அந்த ஆள் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவை நம்புகின்றன. உண்மையில் வீட்டின் நேரத் தட்டுப்பாட்டுக்கு இரண்டு வேர்கள் உண்டு. நாளைய திட்டம் முழுவதும் ஒருவர் தலைக்குள்ளேயே இருப்பது ஒன்று. அந்தத் திட்டத்தில் தவறுக்கும் தாமதத்துக்கும் கொஞ்சமும் இடம் விடாதது மற்றொன்று. இந்த இரண்டையும் தொடாமல் அலாரத்தை அரைமணி முன்னால் நகர்த்தினால், தூக்கம்தான் அரைமணி குறையும்.

மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-லும் 2024-லும் கணக்கெடுத்தது. ஒரு நாளை அரைமணி நேரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். 2024 கணக்கின்படி, வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் அதற்குச் செலவிட்டார்கள். இந்த 88 நிமிடம்கூட, அன்று வீட்டு வேலை ஏதாவது செய்த ஆண்களின் சராசரிதான். துரும்பைக் கிள்ளிப் போடாதவர்கள் இந்தச் சராசரிக்குள் வரவே இல்லை. 2019-இல் வீட்டு வேலையில் பங்குகொண்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் உண்மை நிலை புரியும். குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வதிலும் இதே கதைதான். 2024-இல் 15 முதல் 59 வயதுக்குட்பட்டவர்களில் 41 சதவீதப் பெண்கள் இதில் ஈடுபட்டார்கள், ஆண்கள் 21.4 சதவீதம். ஈடுபட்ட பெண்கள் 140 நிமிடமும் ஆண்கள் 74 நிமிடமும் செலவிட்டார்கள்.

இவை கண்ணுக்குத் தெரிகிற வேலைகளின் கணக்கு. பேருந்தில் நின்றுகொண்டே ‘நாளைக்கு டிபனுக்கு என்ன, தேங்காய் இருக்கிறதா, சின்னவனுக்கு வெள்ளை யூனிஃபார்ம் காய்ந்திருக்குமா, தடுப்பூசிக்கு எந்தத் தேதி’ என்று ஓடுகிற மனக்கணக்கு அந்தக் கட்டங்களில் எதிலும் விழாது. கட்டத்தில் ‘பயணம்’ என்றுதான் இருக்கும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர், கணவன் மனைவியராக 35 இணைகளைப் பேட்டி கண்டு 2019-இல் வெளியிட்ட ஆய்வு இந்த மனக்கணக்கை நான்காகப் பிரித்தது. என்ன தேவைப்படப் போகிறது என்று முன்கூட்டியே உணர்வது, அதற்கான வழிகளைத் தேடுவது, ஒன்றை முடிவு செய்வது, முடிந்ததா என்று தொடர்ந்து கவனிப்பது. இதில் முடிவெடுக்கும் கட்டத்தில் இருவரும் ஓரளவு சமமாகவே பங்கெடுத்தார்கள். முதலில் உணர்வதும் கடைசியில் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்கள் மீதே விழுந்தன. எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று இருவரும் உட்கார்ந்து பேசுவார்கள். சேர்க்கை விண்ணப்பம் எப்போது கொடுக்கிறார்கள் என்பதை ஞாபகம் வைத்திருப்பவர் ஒருவராகத்தான் இருப்பார். அமெரிக்கக் குடும்பங்களில் கண்டது என்றாலும், நம் வீடுகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

‘சொன்னால் செய்துவிட்டுப் போகிறேன்’ என்கிற உதவி ஏன் நேரத்தைப் பெரிதாக மிச்சப்படுத்துவதில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும், சொல்ல வேண்டும், செய்தாரா என்று பார்க்க வேண்டும். நான்கில் மூன்று பங்கு பழைய தலையிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரிப்பதைவிட, ஒரு பொறுப்பை அடி முதல் நுனி வரை ஒருவரிடம் விடுவதே பலன் தரும். பள்ளி ஒருவர் பொறுப்பு என்றால் வாட்ஸ்அப் குழுவைப் படிப்பது, டைரியில் கையெழுத்து, ஃபீஸ் கட்டும் தேதி, ப்ராஜெக்ட்டுக்குச் சார்ட் பேப்பர் வாங்குவது எல்லாம் அவருடையது. மளிகை இன்னொருவர் பொறுப்பு என்றால், துவரம்பருப்பு தீரப்போகிறது என்பதை டப்பாவைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்வதும் அவருடைய வேலைதான். இருவருக்கும் தெரிய வேண்டியதைத் தலையிலிருந்து சுவருக்கு மாற்றலாம். சிலிண்டர் வந்த தேதியையும் பால் வாங்காத நாளையும் மாதக் காலண்டரில் குறிக்கிற பழக்கம் நம் வீடுகளில் வெகுகாலமாக உண்டு. அதே காலண்டரில் பரீட்சை, டாக்டர், அலுவலகத்தில் தாமதமாகும் நாள் ஆகியவையும் ஏறட்டும். படிக்கத் தெரிந்த பிள்ளைகள்கூட அதைப் பார்த்து நடப்பார்கள்.

அடுத்த வேர், இடைவெளி விடாத திட்டம். ஒரு வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மதிப்பிடும்போது மனிதர்கள் வழக்கமாகக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள். பின்னர் கனடாவில் கல்லூரி மாணவர்களிடம், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன சராசரி 33.9 நாள், உண்மையில் ஆனது 55.5 நாள். 1994-இல் வெளியான இந்த ஆய்வில் தங்கள் கணக்குப்படியே முடித்தவர்கள் பத்தில் மூன்று பேர்தான். தன் வேலையை மட்டும் பார்த்துக்கொள்ளும் மாணவருக்கே கணக்கு இப்படிப் பிசகுகிறது என்றால், கிளம்பும் நேரத்தில் ஷூவைத் தொலைக்கிற ஐந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம். நிமிடக் கணக்கில் போடுகிற காலை அட்டவணை, எதுவுமே தவறாத ஒரு நாளுக்காகப் போடப்பட்டது. அப்படிப்பட்ட நாள் எப்போதாவதுதான் வரும்.

நேரம் போதாதபோது கொஞ்சம் நேரத்தைச் சும்மா விடுவதா என்று தோன்றலாம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையில் அறுவை அரங்குகள் எல்லாம் எப்போதும் முன்பதிவில் நிரம்பியிருந்தன. அவசர நோயாளி வந்தால் எல்லாமே தள்ளிப்போகும். மருத்துவர்கள் நள்ளிரவு தாண்டியும் காத்திருப்பார்கள். பிறகு ஓர் அரங்கை முன்பதிவே செய்யாமல் அவசரத்துக்கென்று ஒதுக்கினார்கள். அரங்கு குறைந்தும் அறுவைகளின் எண்ணிக்கை கூடியது. பற்றாக்குறை மனத்தை எப்படி வேலை செய்ய வைக்கிறது என்பது பற்றி 2013-இல் நூல் எழுதிய செந்தில் முல்லைநாதனும் எல்டார் ஷஃபீரும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். எதிர்பாராதது வரும் என்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். அதற்கு இடம் வைத்தால் மற்றவை குலையாமல் நடக்கும். வீட்டில் இதைச் செய்வது எளிது. காலையில் கிளம்புவதற்கு முன் கால் மணி, வாரத்தில் ஒரு மாலை என எந்த வேலையும் ஏற்றாமல் விட வேண்டும். அந்த மாலைக்கு ஓவிய வகுப்பையோ அபாகஸையோ சேர்க்கிற ஆசையை அடக்குவதுதான் கடினம்.

மிக்ஸியும் வாஷிங் மெஷினும் மிச்சப்படுத்திய நேரமே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் வேலைக்குப் போகாத பெண்கள் வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரத்தை ஜோஆன் வானெக் 1974-இல் ஒப்பிட்டுப் பார்த்தார். 1920-களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி. சாதனங்கள் நிறைந்துவிட்ட 1960-களில் சுமார் 55 மணி. துவைப்பது எளிதானதும் அடிக்கடி துவைத்தார்கள். மிச்சமாகும் நேரத்தை எதற்கென்று முன்பே முடிவு செய்யாவிட்டால், வேறொரு வேலை வந்து அதில் உட்கார்ந்துகொள்ளும். ‘அவரிடம் விட்டால் பாதி மறந்துவிடுவார், நானே செய்தால் சீக்கிரம் முடியும்’ என்ற மறுப்பிலும் நியாயம் இருக்கிறது. முதல் மாதம் அப்படித்தான் இருக்கும். ஆனால் இன்றைக்கு மிச்சமாகும் பத்து நிமிடத்துக்காக, வருடம் முழுவதும் அந்த வேலையைச் சுமக்கிறோம். ஒரு நாள் உப்பில்லாத உப்புமா டப்பாவில் போனால் குடி முழுகிவிடாது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தனியாகப் பிள்ளை வளர்ப்பவரும், ஷிப்ட் மாறி மாறி வரும் தொழிலாளியும், விடியுமுன் கூலி வேலைக்குக் கிளம்புகிறவரும் யாரோடு பொறுப்பைப் பிரிப்பது, எங்கே இடைவெளி விடுவது? அவர்களுடைய நேரத்தை வெளியே இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். ஆகவே இடைவெளியும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பிள்ளைகளின் பசிக்காக வந்த திட்டம்தான். கூடவே, பல வீடுகளில் காலையின் மிக நெருக்கடியான வேலை ஒன்றையும் அது இறக்கி வைத்தது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் விடுப்பை 26 வாரமாக்கியது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தந்தைக்கான விடுப்பைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. நினைவில் வைக்க வேண்டியவர் தாய்தான் என்ற எண்ணம் சட்டம் வரை போயிருக்கிறது.

வீட்டின் திட்டம் சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை போதும். எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பவர் இரண்டு நாள் ஊருக்குப் போகட்டும், போன் வராமல். டப்பா நிரம்பி, வேன் கிடைத்து, ஃபீஸ் தேதி தவறாமல் போனால் திட்டம் வீட்டுக்கு உரியதாகிவிட்டது. மணிக்கு நான்கு தடவை போன் வந்தால் அது இன்னும் ஒருவருடைய தலைக்குள்தான் இருக்கிறது. அவர் திரும்பி வந்ததும் வாங்க வேண்டியது புதிய டைரியல்ல, வீட்டில் மற்றவர்களின் நேரம்.